மாநகராட்சியின் சட்டச் சிக்கல்களைப் பார்க்க வெளி ஆலோசகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளாட்சிக் கணக்கு, தணிக்கை என்று பல வருஷம் இருந்தவன் என்பதால், அஸ்தம்பட்டிப் பக்கம் டீ குடிக்கப் போனால்கூட, மாநகராட்சியின் கம்ப்ளையன்ஸ் ரிஸ்க்கைப் பார்க்க ஒரு வெளி ஆலோசகரை (கன்சல்டன்ட்) வைப்பது பற்றி யாராவது கேட்கிறார்கள். மாமன்ற உறுப்பினர்கள், புதிதாக வேலைக்கு வந்த உதவிப் பொறியாளர்கள், குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் என்று கேட்பவர்கள் பலவகை, ஆனால் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சேலத்தை மனதில் வைத்து எழுதியது. சேலம் மாநகராட்சி இப்படி ஒருவரை அமர்த்திவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்ளையன்ஸ் ரிஸ்க்னா என்னங்க? ஊழலைக் கண்டுபிடிக்கிறதா?

ஊழலைத் தேடுவது வேறு வேலை. அதற்கென்று ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை இருக்கிறது. ஒரு மாநகராட்சி செய்தே ஆக வேண்டும் என்று பல சட்டங்கள் பல வேலைகளைச் சொல்கின்றன. அவற்றில் எது நடக்கிறது, எது பேருக்கு நடக்கிறது, எது நடக்கவே இல்லை, நடக்காமல் போனால் அபராதம் வருமா, வழக்கு வருமா, மானியம் நிற்குமா, ஆள் சாவாரா என்று பார்த்து வரிசைப்படுத்துவதுதான் இந்த வேலை.

சின்ன உதாரணம். 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுக்கும்போது உள்ளாட்சி அமைப்பு 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடித்து, அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்க மறந்தால் யாரும் பணத்தைத் திருடியதாக அர்த்தமில்லை. ஆனால் வட்டியும் அபராதமும் மாநகராட்சி தலையில்தான் விழும்.

நம்ம ஊர்ல அப்படி என்ன பெரிய ரிஸ்க் இருக்கப் போகுது?

நிறைய. முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் வந்தவை ஆறு. அவற்றில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்டநதி மூன்றும் சேலம் மாவட்டத்து ஆறுகள். ஊருக்கு நடுவே ஓடுகிற திருமணிமுத்தாற்றில் சாக்கடை கலக்கும் ஒவ்வொரு இடமும் சட்டப்படி ஒரு கேள்விதான். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் மட்டும் போதாது, 1974-ம் ஆண்டு நீர்ச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

குப்பையும் அப்படித்தான். திடக்கழிவு விதிகளைப் பின்பற்றாத உள்ளாட்சிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்து மாதாமாதம் இழப்பீடு என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 10 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் என்றால் மாதம் 10 லட்சம் ரூபாய், 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 5 லட்சம், மற்றவற்றுக்கு 1 லட்சம். 2011 கணக்கெடுப்பில் 8 லட்சத்தைத் தாண்டிய சேலம் நடுப்படியில் வருகிறது. வருஷத்துக்கு 60 லட்சம் ரூபாய்க்கான ஒரு ஆபத்து எந்தத் துறையின் பட்ஜெட்டிலும் ஒரு வரியாகக்கூட இருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரியது பாதாளச் சாக்கடையில் ஆள் இறங்குவது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஒப்பந்ததாரரின் ஆள்தானே என்று கைகழுவ முடியாது. அதே மாதிரி, தூய்மைப் பணி ஒப்பந்ததாரர் தொழிலாளர்களுக்குப் பி.எஃப். கட்டாமல் விட்டால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் மாநகராட்சியே கட்ட வேண்டிவரும்.

இன்னும் உண்டு. சின்னக்கடை வீதியிலோ பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியோ தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்தும் முன், தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ம் ஆண்டுச் சட்டப்படி கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும், 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும், விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 2026 மார்ச் வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்துக்குத் தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் போட்டிருக்க வேண்டும் என்பது நுழைவு நிபந்தனை. நோட்டீஸ் விஷயம் தனிக்கதை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ல் நிறைவேறியது என்றாலும், விதிகளோடு நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதற்குப் பிறகும் எந்த மண்டலத்திலாவது பழைய மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவை அச்சடித்த படிவத்தில் நோட்டீஸ் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை சுலபம்.

அதான் வருஷா வருஷம் ஆடிட் வருதே, அப்புறம் எதுக்கு இன்னொருத்தர்?

உள்ளாட்சி நிதித் தணிக்கை, செலவான பணத்தைப் பார்க்கிறது. பில் உண்டா, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் வேலையின் அளவு பதிவாகியிருக்கிறதா, ஒப்புதல் வாங்கியிருக்கிறதா என்று கேட்கும். நன்றாகவே கேட்கும், நான் அந்தப் பக்கம் இருந்தவன். ஆனால் சாக்கடையில் இறங்கும் ஆளுக்கு வாங்காமல் விட்ட பாதுகாப்புக் கருவிக்கு வவுச்சர் கிடையாது. செலவே ஆகாத இடத்தில் இருக்கும் ஆபத்து, செலவைப் பார்க்கிறவர் கண்ணில் எளிதில் படாது.

இன்னொன்று, தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம், என்றாலே அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பதில் எழுதித் தடையை நீக்க வைப்பதே குறிக்கோளாகிவிடும். ஏன் அந்தத் தடை வந்தது, அடுத்த வருஷமும் ஏன் வரும் என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், வெளியாள் செய்ய வேண்டிய முதல் வேலையே கடந்த சில வருஷத் தணிக்கை அறிக்கைகளை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பத்திகளைத் தனியே பிரிப்பதுதான்.

உள்ளேயே ஒரு குழு போட்டா ஆகாதா?

பாதி ஆகும். வெளியாள் எழுதப்போவதில் பெரும்பகுதி ஏற்கெனவே ஏதோ ஒரு கோப்பில், ஏதோ ஒரு இளநிலை உதவியாளரின் குறிப்பில் இருக்கும். ஆனால் பொறியியல் பிரிவுக்கும் சுகாதாரப் பிரிவுக்கும் நடுவில் விழுகிற விஷயம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. செப்டிக் டேங்க் லாரிக்கு உரிமம் யார் தருவது, அது கொட்டும் இடத்தை யார் பார்ப்பது என்று கேட்டுப் பாருங்கள், புரியும். மேலதிகாரியிடம் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லவும் ஒரு வெளியாள் வேண்டியிருக்கிறது.

யாரை வைக்கணும்? சென்னையில இருக்கிற பெரிய கம்பெனியா, ரிட்டயர்டு ஆபீசரா?

பெரிய நிறுவனத்திடம் அறிக்கை அழகாக வரும், வேறு மாநிலத்து நகரத்துக்கு எழுதியதில் பெயரை மாற்றியும் வரும். ஓய்வு பெற்ற அதிகாரிக்கு எந்தப் பீரோவில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று தெரியும், ஆனால் பழைய சகாக்களின் முகமும் தெரியும். ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்குத் தணிக்கையாளர், சுகாதாரப் பொறியியல் தெரிந்த ஒருவர், உள்ளாட்சியில் வேலை பார்த்த ஒருவர் சேர்ந்த சின்னக் குழுதான் சேலம் அளவு ஊருக்குச் சரிப்படும். யார் யார் நேரில் வருவார்கள் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். டெண்டரில் ஒருவர் தன்விவரம் போட்டுவிட்டு, வேலைக்குக் கல்லூரி முடித்த பையனை அனுப்புவது இந்தத் தொழிலின் பழைய வித்தை.

வேறு ஆதாயம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதாளச் சாக்கடைக்கோ குப்பைக் கிடங்குக்கோ திட்ட அறிக்கை தயாரித்தவர்கள் அதே வேலையை மதிப்பிடக் கூடாது. இவர் கண்டுபிடிக்கும் குறையைச் சரிசெய்யும் அடுத்த ஒப்பந்தமும் இவருக்கே போகக் கூடாது. அந்த வாசல் திறந்திருந்தால் அறிக்கையில் குறைகள் பெருகிக்கொண்டே போகும்.

எவ்வளவு செலவாகும்?

மொத்தத் தொகையாகக் கேட்காமல், எந்தத் தகுதி உள்ளவர் எத்தனை ஆள்நாள் வேலை செய்வார் என்று கேளுங்கள். அப்போதுதான் இரண்டு விலைப்புள்ளிகளை ஒப்பிட முடியும். விலை ஜிஎஸ்டியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் டெண்டரிலேயே தெளிவாகப் போட வேண்டும். மாநகராட்சியின் அரசியலமைப்புக் கடமைகளோடு தொடர்புள்ள, பொருள் வழங்கல் எதுவும் சேராத சேவைகளுக்கு வரிவிலக்கு இருக்கிறது. இந்த வேலை அதில் அடங்குமா என்று பணம் கொடுக்கிற நேரத்தில் விவாதிப்பது தலைவலி.

யார் ஒப்புதல் தர வேண்டும் என்பது தொகையைப் பொறுத்தது. ஆணையாளரின் அதிகார வரம்பைத் தாண்டினால் மாமன்றத் தீர்மானம் வேண்டும். வரம்புக்குள் இருந்தாலும் மாமன்றத்தில் வைப்பது நல்லது என்பேன், காரணம் கடைசிக் கேள்வியில் வரும்.

ரெண்டு மூணு சின்ன ஒர்க் ஆர்டராப் பிரிச்சுக் கொடுத்துட்டா டெண்டரே வேண்டாமே?

சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறோமா என்று பார்க்க ஒருவரை வைக்கிறோம், அவரை வைப்பதற்கே சட்டத்தை வளைக்கலாமா என்கிறீர்கள். இந்தக் கேள்வியை நம்ப முடியாத அளவுக்கு அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. பொருளும் கட்டுமானமும் மட்டுமல்ல, சேவைக் கொள்முதலும் இதற்குள் வரும். 2 கோடி வரை என்றால் ஒப்பந்தப்புள்ளி அனுப்பக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். குறைத்தால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். ஒரே வேலையைத் தொகைக்காகத் துண்டு போட்டால், அடுத்த தணிக்கையில் முதல் பத்தியாக வருவது உங்கள் கன்சல்டன்ட்டின் நியமனமாகத்தான் இருக்கும். டெண்டர் முடிவில் குறையிருப்பதாக நினைக்கும் போட்டியாளர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

டெண்டர்னா குறைஞ்ச ரேட்டுக்காரருக்குத்தானே கொடுக்கணும்? நல்ல ஆள் எப்படி வருவார்?

இரண்டு உறை முறையில் தகுதி உறையை முதலில் திறந்து, தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் திறப்பார்கள். ஆக, சாமர்த்தியம் முழுவதும் தகுதி நிபந்தனையில் இருக்கிறது. ‘ஆண்டு வர்த்தகம் இத்தனை கோடி’ என்று போட்டால் பெரிய கம்பெனி மட்டும் வரும். ‘நகர்ப்புற உள்ளாட்சிக்கு இத்தகைய மதிப்பீடு செய்து முடித்திருக்க வேண்டும், அந்த அறிக்கையின் மாதிரியைத் தர வேண்டும், குழுவில் இன்னின்ன தகுதியுள்ளவர்கள் இருக்க வேண்டும்’ என்று போட்டால் வேலை தெரிந்தவர் வருவார். ஒரே ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி நிபந்தனை எழுதினால், முந்தைய பதிலில் சொன்ன மேல்முறையீடு காத்திருக்கிறது.

வேலை வரையறையில என்னதான் எழுதணும்?

‘மாநகராட்சியின் அனைத்துச் சட்ட இணக்கங்களையும் ஆய்வு செய்தல்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கனமான ஒரு புத்தகம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். முதல் வருஷம் மூன்று நான்கு பகுதிகள் போதும். சேலத்துக்கு என் தேர்வு: கழிவுநீரும் தூய்மைப் பணியாளர் பாதுகாப்பும், ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளம்-பி.எஃப்., டெண்டர் நடைமுறை, மானிய நிபந்தனைகள். கட்டட அனுமதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவேன். அதுவே ஒரு கடல்.

ஒவ்வொரு குறைக்கும் நான்கு விஷயம் கேளுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு, எந்தப் பதவியில் இருப்பவர் சரிசெய்ய வேண்டும், எதற்குள். கட்டணத்தில் ஒரு பங்கை, அறிக்கை கொடுத்து ஆறு மாதம் கழித்து அவர் திரும்பி வந்து எது முடிந்தது என்று பார்த்துச் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்.

ஊழியர்கள் வெளியாள்கிட்ட உண்மையைப் பேசுவாங்களா?

ஆணையாளர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டால் பேச மாட்டார்கள். அங்கே எல்லாம் சரியாக இருக்கும், பதிவேடும் சரியாக இருக்கும். விடியற்காலையில் தூய்மைப் பணியாளர்களுக்கு வருகை எடுக்கிற இடத்துக்கு, அம்மாபேட்டையிலோ கிச்சிப்பாளையத்திலோ, முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும். வந்திருக்கும் ஆட்களை எண்ண வேண்டும். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் எத்தனை, ஒப்பந்ததாரர் பி.எஃப். கட்டிய பட்டியலில் எத்தனை, மாநகராட்சிக்குக் கொடுத்த பில்லில் எத்தனை என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், யாரும் வாயைத் திறக்கவே வேண்டாம். கையுறை போட்டிருக்கிறார்களா, போட்டிருப்பது கிழிந்ததா என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

பேச வைக்க வேண்டும் என்றால் அவர்களோடு நின்று டீ குடிக்கத் தெரிந்த ஆள் குழுவில் இருக்க வேண்டும். ‘ஏங்க, அடைப்பு எடுக்கப் போனா மெஷின் வருதா, இல்ல குச்சிதானா?’ என்று கேட்டால் அரை மணி நேரத்தில் விஷயம் வந்துவிடும். சொன்னவர் பெயர் அறிக்கையில் வரக் கூடாது, மறுநாள் அவரை வேறு வார்டுக்கு மாற்றவும் கூடாது. இதை ஆணையாளர் எழுத்தில் உத்தரவாகப் போட வேண்டும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலத்திலும் இதே மாதிரி பார்க்க வேண்டும். ஒரு மண்டலத்தைப் பார்த்து 60 வார்டுக்கும் எழுதுவது ஏமாற்று வேலை.

வரி கட்டுறவங்க போன் நம்பர், ஆதார் எல்லாம் அவங்க கைக்குப் போகுமே?

போகத் தேவையில்லை. சொத்துவரி விதிப்பு சரியா என்று பார்க்க மதிப்பீட்டு எண்ணும் அளவும் போதும், பெயரும் கைபேசி எண்ணும் வேண்டாம். அலுவலகக் கணினியிலேயே பார்க்கட்டும், பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தாயிற்று. இதிலேயே கசிவு நடந்தால் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

ஆத்தூர், மேட்டூர், எடப்பாடிக்கெல்லாம் இது கட்டுப்படியாகுமா? ஏற்காட்டுக்கு?

தனித்தனியாகக் கட்டுப்படியாவது கஷ்டம். இரண்டு மூன்று நகராட்சிகள் ஒரே வேலை வரையறையில் சேர்ந்து போகலாம். ஏற்காடு நகராட்சி இல்லை, ஊராட்சி அமைப்பு. அங்கே ஊராட்சிகள் சட்டமும், மலைப்பகுதிக் கட்டுமானக் கட்டுப்பாடுகளும் வரும். கேள்விகளே வேறு.

அறிக்கையை ஆர்டிஐ-ல கேட்டா கொடுத்துத்தான் ஆகணுமா?

பெரும்பாலும் ஆமாம். பொதுப்பணத்தில் வாங்கிய அறிக்கை, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். புலனாய்வைக் கெடுக்கும் பகுதி, வணிக ரகசியம் ஆகியவற்றுக்கு எட்டாவது பிரிவில் விலக்கு உண்டு. அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்க வேண்டும் என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. ‘ரகசியம்’ என்று அட்டையில் முத்திரை குத்துவதால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பும் கன்சல்டன்ட்டுக்குக் கிடையாது. எப்படியும் வெளியே வரும் என்று வைத்துக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். மாமன்ற உறுப்பினர் கேட்டால் ஆர்டிஐ வரைக்கும் அலையவிடாமல் கொடுத்துவிடுவது மரியாதை.

தப்பு இருக்குன்னு நாமே எழுதி வாங்கி வெச்சா, நாளைக்கு கோர்ட்ல நமக்கே எதிரா நிக்காதா?

நிற்கும், நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால். ‘உங்களுக்கு இது எப்போது தெரிய வந்தது?’ என்ற கேள்விக்கு அறிக்கையில் இருக்கும் தேதிதான் பதில். அடைப்பு எடுக்கும் இயந்திரம் போதவில்லை என்று ஜனவரியில் எழுதி வாங்கிவிட்டு, செப்டம்பரில் ஆள் இறங்கி இறந்தால், தெரியாது என்று சொல்லும் வழி அடைபட்டுவிட்டது. அதே தேதிக்குப் பிறகு இயந்திரத்துக்கு டெண்டர் விட்ட கோப்பும், அதுவரை ஆள் இறங்கக் கூடாது என்ற சுற்றறிக்கையும், அதைப் பார்வையிட்ட பதிவும் இருந்தால் அதே அறிக்கை மாநகராட்சிக்குத் துணை நிற்கும்.

அதனால், செயல்படுத்தும் எண்ணம் இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல். கேட்க விரும்பாத பதில் இது, தெரியும். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்யப் பணம் இருக்காது என்பதும் உண்மை. உயிர் போகும் விஷயம் முதலில், மாதாமாதம் ஓடும் அபராதம் அடுத்தது, மானியம் அதற்கப்புறம் என்று வரிசை போட்டு, எதை ஏன் தள்ளிவைத்தோம் என்பதையும் காரணத்தோடு தீர்மானத்தில் எழுதுங்கள்.

அறிக்கையில என் பேரு வருமா சார்?

பதவி வரும், பெயர் வரக் கூடாது என்று வேலை வரையறையிலேயே எழுத வேண்டும். வரைவு அறிக்கையைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்குக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, அந்தப் பதிலையும் இறுதி அறிக்கையில் அப்படியே சேர்க்க வேண்டும். உங்கள் பிரிவில் மூன்று பணியிடம் காலியாக இருப்பதால்தான் வேலை நடக்கவில்லை என்றால், அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பதில் தராமல் இருந்துவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

பணம் கையாடல் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால், அது இந்த அறிக்கைக்குள் வரக் கூடாது. மூடிய உறையில் ஆணையாளருக்குத் தனியாகப் போய், முதல் பதிலில் சொன்ன துறைக்கு அனுப்பலாமா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால், அடுத்த தடவை எந்த ஊழியரும் கன்சல்டன்ட்டைப் பார்த்தவுடன் விடுப்பில் போய்விடுவார்.

கமிஷனர் பாதியில மாறுதலாகிப் போயிட்டா எல்லாம் அவ்வளவுதானே?

பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. புதிதாக வருகிறவருக்கு இது முன்னவரின் ஆசை என்று தோன்றும், கோப்பு அப்படியே படுத்துவிடும். மாமன்றத்தில் வையுங்கள் என்று செலவு பற்றிய பதிலில் சொன்னதற்கு இதுதான் காரணம். தீர்மானம் நிறைவேறியிருந்தால் அது மாநகராட்சியின் வேலை, ஒரு அதிகாரியின் வேலை அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவர அறிக்கை மாமன்றக் கூட்டப் பொருளில் வர வேண்டும் என்று அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள். யார் ஆணையாளராக இருந்தாலும் கூட்டப் பொருளில் வருவதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொடர்பு அலுவலராகவும் சீக்கிரம் மாறுதலாகாத ஒருவரைப் போடுங்கள். உதவி ஆணையர்கள் வருவார்கள், போவார்கள். கணக்குப் பிரிவிலோ பொதுப் பிரிவிலோ பல வருஷமாக இருக்கும் ஒரு கண்காணிப்பாளர் பெயரில், எந்தக் குறை எந்த நிலையில் இருக்கிறது என்ற பதிவேடு இருந்தால், புதிய ஆணையாளர் பொறுப்பேற்ற வாரத்திலேயே அவர் மேசைக்கு அது போய்ச் சேரும்.